சிறுதேர் உருட்டுவது வீண் வேலையா?

பத்து நிமிடம் என்னைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு இப்போது ஒன்றும் தெரியாதவர் மாதிரி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர் அவர்களே!

தலைப்பு என்ன? "பழைய வண்டிகளையும் எந்திரங்களையும் சிற்றுருவமாகச் செய்து பார்ப்பது வீண் வேலையே, விவேகமே." நான் விவேகம் என்று பேச வந்தவன். எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "ஐம்பது வயசு ஆளு, கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு, அரையணா அளவு சக்கரத்துக்கு அரம் போடறாரு. வீட்டுல ரேஷன் அட்டை எங்க இருக்குன்னு கேட்டா தெரியாது. 1888ஆம் வருஷத்து ரயில் எஞ்சினுக்கு எத்தனை ஆணின்னு கேட்டா தெரியும்" என்றார். (சிரிப்பு) நல்லா சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். ஆனால் அவர் அதோடு விட்டாரா? "சரி, செய்யறதுதான் செய்யறீங்க, நல்லா ஓடின வண்டியைச் செய்யக்கூடாதா? ஊரே கைவிட்ட வண்டி, கோணல் வண்டி, ஒத்தைத் தண்டவாள வண்டி, இதைத்தானே தேடிப் பிடிச்சுச் செய்யறீங்க" என்று கேட்டார். ஐயா, அந்தக் கேள்விதான் இன்றைய தலைப்பின் உயிர். அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் தமிழ் வாத்தியார். எஞ்சின் எனக்கு எதுக்குன்னு சில பேர் நினைக்கலாம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற ஒரு தேர் வருகிறது. குதிரை இல்லை. சக்கரம் மூன்று. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும்படி செய்த விளையாட்டுத் தேர் வருகிறது. ஏறிப் போக முடியாத தேர், உருட்ட மட்டுமே முடிந்த தேர். ஆண்பால் பிள்ளைத்தமிழில் பத்தாவது பருவமே சிறுதேர்ப் பருவம். ஆக, பெரிய தேரைச் சின்னதாகச் செய்து பார்ப்பது நமக்கு ஒன்றும் சீமையிலிருந்து கப்பலில் வந்த பழக்கம் இல்லை. மூன்று சக்கரம் என்றேன், அதையும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் கூனியோ என்கிற பொறியாளர் 1770 வாக்கில் செய்த நீராவி வண்டிக்கும் சக்கரம் மூன்றுதான். அது இன்றும் பாரிசில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1784இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் மர்டாக் ஒரு நீராவி வண்டியை மேசை மேல் வைக்கிற அளவில் செய்து ஓட்டினார். அதற்கும் மூன்று சக்கரம். இரவில் அது தெருவில் தீப்பொறி பறக்க ஓடினதைப் பார்த்து ஊர்ப் பாதிரியார் சாத்தான் வந்துவிட்டது என்று அலறினாராம். அப்படி ஒரு கதை. (சிரிப்பு) நான் கதைக்கு வரவில்லை. பெரிய ரயில் எஞ்சின் உலகத்தில் ஒன்றுகூட இல்லாத நாளில், சின்ன எஞ்சின் ஓடிவிட்டது. எது முதலில் வந்தது? பொம்மை முதலில் வந்தது.

"சும்மா ஓடிச்சு, அதனால என்ன?" என்று நண்பர் தலையை ஆட்டுகிறார். சரி, வாருங்கள், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் போவோம். ஆண்டு 1763. அங்கே ஜேம்ஸ் வாட் என்கிற இளைஞர் கருவிகளைப் பழுதுபார்க்கிற வேலையில் இருக்கிறார். நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகள் ஜேம்ஸ் வாட் என்று ஒப்பிப்பார்கள். அது சரியில்லை. அவருக்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே, 1712இல், நியூகோமன் என்கிற இரும்பு வியாபாரி சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க நீராவி எஞ்சின் வைத்துவிட்டார். அந்த நியூகோமன் எஞ்சினின் சிற்றுருவம் ஒன்று, மாணவர்களுக்குப் பாடம் நடத்த, பல்கலைக்கழகத்தில் இருந்தது. உருளையின் விட்டம் 2 அங்குலம், உள்ளே தண்டு ஏறி இறங்குகிற தூரம் 6 அங்குலம். நம்ம வீட்டு எவர்சில்வர் டம்ளர் அளவு. அது சரியாக ஓடவில்லை. பேராசிரியர் ஆண்டர்சன் வாட்டைக் கூப்பிட்டு, "தம்பி, இதைக் கொஞ்சம் பாரப்பா" என்றார்.

வாட் பார்த்தார். பழுது நீக்கினார். அப்புறமும் நாலு மூச்சு ஓடும், நின்றுவிடும். கொதிகலனில் ஆவி தீர்ந்துவிடும். பெரிய எஞ்சின் சுரங்கத்தில் ராப்பகலாக ஓடுகிறது, அதே அமைப்பில் செய்த சின்ன எஞ்சின் ஏன் மூச்சு வாங்குகிறது? வேற ஆளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பான்? "பொம்மைதானே, அப்படித்தான் இருக்கும்" என்று கையைக் கழுவிக்கொண்டு போயிருப்பான். வாட் போகவில்லை.

காரணம் என்ன தெரியுமா? நம்ம அடுக்களையிலேயே இருக்கிறது. அண்டாவில் போட்ட வெந்நீர் ரொம்ப நேரம் சூடாக இருக்கும். டம்ளரில் ஊற்றின காபி, பேப்பரில் தலைப்புச் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் ஆறிப்போகும். ஒரு பொருளை நீளத்தில் பாதியாகக் குறைத்தால் மேற்பரப்பு கால்வாசி ஆகும், கொள்ளளவோ எட்டில் ஒரு பங்காகிவிடும். கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு கூடிப்போகிறது. சூடு வெளியேறுகிற வாசல் பெரிசாகிறது. நியூகோமன் எஞ்சினில் ஒவ்வொரு அடிக்கும் உருளைக்குள் ஆவியை விட்டு, உடனே உள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சி ஆவியைச் சுருங்க வைப்பார்கள். உருளை ஒரு தடவை கொதிக்கும், ஒரு தடவை குளிரும். மறுபடி சூடேற்ற மறுபடி ஆவி. சுட்ட தோசைக்கல்லை ஒவ்வொரு தோசைக்கும் குழாயடியில் கழுவிவிட்டு அடுப்பில் வைக்கிற மாதிரி! (சிரிப்பு) இந்த வீணடிப்பு பெரிய எஞ்சினிலும் இருந்தது. ஆனால் சுரங்கத்து வாசலில் நிலக்கரி மலையாகக் குவிந்திருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. சின்ன எஞ்சின்தான் அந்தக் குறையைப் பெரிதாக்கிக் காட்டிற்று. 1765இல் வாட்டுக்கு யோசனை பிறந்தது. ஆவியைக் குளிர வைக்க வேறு ஒரு பாத்திரம் வை, உருளையை எப்போதும் சூடாகவே வைத்திரு. 1769இல் காப்புரிமை. எரிபொருள் செலவு பெருமளவு குறைந்தது. தொழிற்புரட்சிக்குக் குதிரை கிடைத்தது.

நண்பரே, உங்கள் வாதப்படி அன்றைக்கு வாட் என்ன செய்திருக்க வேண்டும்? "பொம்மையைப் பழுது பார்ப்பது வீண் வேலை" என்று வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்! (பலத்த கைதட்டல்) அந்தச் சிற்றுருவம் இன்றும் கிளாஸ்கோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொம்மை என்று சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

இப்போ கோணல் வண்டிக்கு வருகிறேன். நண்பர் ஒத்தைத் தண்டவாளம் என்று கேலி செய்தாரே, அயர்லாந்தில் லிஸ்டோவல், பாலிபன்யன் என்று இரண்டு ஊர். நடுவில் சுமார் 15 கிலோமீட்டர். 1888இல் அங்கே ஒரு ரயில் விட்டார்கள். தரையில் வரிசையாக இரும்புக் கவட்டைகள், அதன் உச்சியில், ஏறக்குறைய இடுப்புயரத்தில், ஒரே ஒரு தண்டவாளம். வண்டி அதன் மேல் பொதிகழுதை மாதிரி இரண்டு பக்கமும் தொங்கும். இதை நினைத்தவர் லார்டிக் என்கிற பிரெஞ்சுக்காரர். அல்ஜீரியாவில் ஒட்டகத்தின் முதுகில் இரண்டு பக்கமும் மூட்டை தொங்குவதைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் வந்தது என்பார்கள். எஞ்சினுக்கே இரண்டு கொதிகலன், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்தப் பக்கம் ஏறிய ஆள் அந்தப் பக்கம் போக வேண்டுமா? வண்டியோடு சேர்த்தே ஒரு படிக்கட்டுப் பாலம் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு அம்மா பியானோ வாங்கினாராம். ஒரு பக்கம் பியானோவை ஏற்றினால் வண்டி சாயும். என்ன செய்வது? மறுபக்கம் இரண்டு கன்றுக்குட்டியை ஏற்றினார்கள். பியானோ வீடு போய்ச் சேர்ந்தது. இப்போ கன்றுக்குட்டிகள் திரும்ப வரணுமே? பக்கத்துக்கு ஒன்றாக நிற்க வைத்துக் கொண்டு வந்தார்கள்! (நீண்ட சிரிப்பு) இந்தக் கதையை அந்த ஊரில் பல விதமாகச் சொல்வார்கள், நான் எனக்குப் பிடித்த விதத்தைச் சொன்னேன். நடுவருக்கு ஒரு பக்கம் என் அணி, ஒரு பக்கம் எதிரணி. எந்தப் பக்கம் பியானோ, எந்தப் பக்கம் கன்றுக்குட்டி என்பதை அவரே தீர்மானிக்கட்டும். (சிரிப்பு, கைதட்டல்)

1924இல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். ஆனால் அதைச் சிற்றுருவமாகச் செய்ய உட்காருகிறான் பாருங்கள் ஒருவன், அவனுக்கு என்னென்ன கேள்வி வருகிறது! பாதை இடுப்புயரத்தில் ஓடுகிறதே, குறுக்கே மாட்டு வண்டி எப்படிப் போயிற்று? தூக்குப் பாலம் வைத்தார்கள் என்று தெரிய வருகிறது. தண்டவாளம் எப்படிப் பிரியும்? தண்டவாளத்தையே திருப்பு மேடையில் வைத்துத் திருப்பினார்கள். வண்டி ஏன் கவிழவில்லை? பாரம் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியது. கால் மேல் கால் போட்டுப் புத்தகம் படிக்கிறவனுக்கு இந்தக் கேள்வியெல்லாம் வராது சார். தகரத்தை வெட்டி, ஒட்டி, அது மேசையில் சாய்ந்து விழுகிறபோதுதான் வரும். சாதாரண ரயிலைச் செய்கிறவனுக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும், கடையில் பெட்டியாகவே கிடைக்கிறது. விசித்திர வண்டியைச் செய்கிறவன்தான் யோசித்தே ஆக வேண்டும். ஏன் கோணல் வண்டியைத் தேடிப் பிடிக்கிறான் என்று கேட்டீர்களே, இதுக்குத்தான். 2003இல் லிஸ்டோவலில் அந்தப் பாதையை ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் திரும்பக் கட்டி வண்டி விட்டார்கள்.

அயர்லாந்துக்கு எதற்குப் போகணும், நம்ம பஞ்சாபுக்கு வாங்க. பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907இல் ஒரு ரயில். ஏறக்குறைய முழுப் பாரமும் தரையில் பதித்த ஒரே தண்டவாளத்தில். சாயாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம், அது சாலையில் உருளும். பாதி ரயில், பாதி கட்டைவண்டி! இழுத்ததும் அப்படித்தான், மாடும் கோவேறு கழுதையும் இழுத்தன, ஜெர்மனியிலிருந்து வந்த நீராவி எஞ்சினும் இழுத்தது. பஸ்ஸும் காரும் வந்த பிறகு 1927இல் நின்றுபோனது. கொட்டகையில் மறந்துபோய்க் கிடந்த எஞ்சின் ஒன்றைப் பின்னால் எடுத்துச் செப்பனிட்டு டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். டெல்லிக்குப் போகிற நம்மவர்கள் பார்க்காமல் வருகிறார்கள். கரோல்பாக்கில் ஸ்வெட்டர் வாங்க நேரம் இருக்கிறது. (சிரிப்பு)

நம்ம ஊட்டி ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் ஜன்னலோரம் உட்கார்ந்து படம் எடுத்திருப்பீர்கள்! எஞ்சினை எத்தனை பேர் பார்த்தீர்கள்? கல்லாறு தாண்டினால் பன்னிரண்டு அடி நடந்தால் ஓர் அடி ஏறுகிற செங்குத்து. நடுவில் பல் வைத்த தண்டவாளம். மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் செய்த அந்த எக்ஸ் வகை எஞ்சினில் உருளைகள் நான்கு. ஒரு ஜோடி சாதாரணச் சக்கரத்தைச் சுழற்றும். இன்னொரு ஜோடி பல்சக்கரத்தைச் சுழற்றும். சமதளத்தில் முதல் ஜோடி மட்டும் வேலை செய்யும். பல் தண்டவாளம் வந்தவுடனே, முதல் ஜோடியில் வேலை செய்து முடித்த ஆவியை வெளியே விடாமல் இரண்டாவது ஜோடிக்கு அனுப்புவார்கள். வாங்கின சம்பளத்துக்கு அந்த ஆவி இரண்டு வேலை பார்க்கிறது. நம்ம வீட்டுப் பெண்கள் மாதிரி! (பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்) இதை நான் எங்கே தெரிந்துகொண்டேன்? ஊட்டி ரயிலில் பல தடவை போயிருக்கிறேன், அங்கே தெரிந்துகொள்ளவில்லை. ஒரு நண்பர் வீட்டு மேசையில், ஒரு முழ நீளச் சிற்றுருவத்தின் வயிற்றுக்குக் கீழே விரலை விட்டுக் காட்டினார், அப்போது தெரிந்துகொண்டேன். இந்த எக்ஸ் வகையின் அமைப்பிலேயே 2011க்குப் பிறகு நம்ம திருச்சி பொன்மலைப் பணிமனையில் புது எஞ்சின்கள் செய்து மலை ஏற்றினார்கள். பழசை அளந்து வைத்தால் புதுசு பிறக்கும்.

"செலவு, செலவு" என்று நண்பர் மூன்று தடவை சொன்னார். 1934இல் மான்செஸ்டரில் ஹார்ட்ரீ என்கிற பேராசிரியரும் அவருடைய மாணவர் போர்ட்டரும், குழந்தைகள் விளையாடுகிற மெக்கானோ பெட்டி இருக்கிறதே, ஓட்டை போட்ட தகடும் திருகாணியும், அதை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிற எந்திரம் ஒன்று செய்தார்கள். அமெரிக்காவில் புஷ் என்பவர் பெரும் செலவில் செய்திருந்த எந்திரத்தின் சிற்றுருவம் அது. செலவு ஏறத்தாழ 20 பவுண்டு. அணுவைப் பற்றிய சமன்பாடுகளுக்கு அது விடை சொன்னது. அது ஓடியதைப் பார்த்த பிறகுதான் பெரிய எந்திரத்தை அங்கே கட்டினார்கள். இதற்கு மேல் செலவைப் பற்றி நான் பேச மாட்டேன்.

ஐயா, இப்போ ஒன்று சொல்கிறேன், இதற்குச் சிரிப்பு வராது. எங்கள் ஊரில் ஒரு ரைஸ் மில் இருந்தது. அதற்குள்ளே ஒரு பழைய ஆயில் எஞ்சின், பக்கச் சக்கரம் ஆள் உயரம். மின்சார மோட்டார் வந்த பிறகு அது மூலையில் கிடந்தது. ஒரு நாள் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். லாரி வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் டர்னர் ஒருவரின் மகன், பாலிடெக்னிக் பையன், நூலும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போய் அதைச் சுற்றிச் சுற்றி அளந்தான். ஊரே சிரித்தது. அப்புறம் தகரம், பிளைவுட், சைக்கிள் ஸ்போக்ஸ், பத்தில் ஒரு பங்கு அளவில் எஞ்சினைச் செய்துவிட்டான். துருப்பிடித்த இடத்தில் துரு மாதிரியே பெயிண்ட் அடித்தான். இந்தச் சிற்றுருவக்காரர்கள் வினோதமானவர்கள், நாம் துருவை மறைக்க வர்ணம் அடிப்போம், அவர்கள் வர்ணம் அடித்துத் துருவைக் கொண்டு வருவார்கள்.

அதைப் பார்க்க, அந்த மில்லில் எஞ்சின் ஓட்டின பெரியவர் வந்தார். எழுபது தாண்டியவர். குனிந்து பார்த்தார், ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "தம்பி, எண்ணெய்க் குழாய் இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்" என்றார். பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார். காலையில் எஞ்சினின் தலைக் குமிழுக்கு ப்ளோ லேம்ப் வைத்துச் சூடேற்ற வேண்டும், குமிழ் எந்த நிறத்துக்கு வந்தால் போதும், சக்கரத்தை எந்த இடத்தில் நிறுத்தி எந்தப் பக்கம் உதைத்துத் தள்ள வேண்டும், தப்பாகத் தள்ளினால் எப்படித் திருப்பி அடிக்கும், யாருக்குக் கை உடைந்தது, எல்லாம். முப்பது வருஷம் அவரிடம் யாரும் கேட்டதில்லை. பையன் எழுதிக்கொண்டான். பெரியவர் அடுத்த ஆண்டே போய்விட்டார். ரைஸ் மில் இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். எஞ்சின் உருகிக் கம்பியாகி எந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறதோ! அந்த வித்தை இன்று ஒரு நோட்டுப் புத்தகத்திலும் ஒரு தகரப் பொம்மையிலும் இருக்கிறது. இதை வீண் வேலை என்கிறீர்கள்.

சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வருகிறது. சச்சந்தன் செய்வித்தது, விசயை ஏறிப் பறந்தது. வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும் என்று திருத்தக்க தேவர் பாடிவிட்டார். வகுப்பில் இதை நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அதன் இறக்கை எத்தனை முழம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை, எந்த உரையாசிரியரிடமும் இல்லை. நமக்குப் பாட்டு கிடைத்தது. அளவு கிடைக்கவில்லை.

நடுவர் மணி மேல் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு வண்டி, முடித்துவிடுகிறேன்.

ஜெர்மனியில் குருக்கன்பெர்க் என்கிற பொறியாளர் ஒரு ரயில் பெட்டி செய்தார். வெள்ளி நிறம், சுமார் 26 மீட்டர் நீளம், சுருட்டு மாதிரி உடம்பு. பின்னால் ஆகாய விமானத்து எஞ்சின், மரத்தாலான சுழல் விசிறி. அது காற்றைத் தள்ள, வண்டி தண்டவாளத்தில் பறந்தது. 1931 ஜூன் 21ஆம் தேதி ஹாம்பர்க்கிலிருந்து பெர்லின் போகிற வழியில் மணிக்கு 230 கிலோமீட்டர். 1954 வரை எந்த ரயிலும் அதை மிஞ்சவில்லை. ஆனால் பின்னால் இன்னொரு பெட்டி கோக்க முடியாது, விசிறி இருக்கிறதே! பிளாட்பாரத்தில் நிற்கிற ஜனங்களுக்குப் பக்கத்தில் அந்த விசிறி சுழன்றால் என்ன ஆகும்? எதிரணி சொல்கிற மாதிரி, தோற்ற வண்டிதான். மொத்தம் செய்தது ஒன்றே ஒன்று. 1939இல் அதையும் உடைத்துப் பிரித்துவிட்டார்கள்.

மார்க்லின் என்கிற ஜெர்மானிய பொம்மை ரயில் நிறுவனம் அதைச் சிற்றுருவமாகச் செய்து விற்றது. எண்பத்தேழில் ஒரு பங்கு என்பது உலகம் முழுக்க ரயில் சிற்றுருவக்காரர்கள் வைத்திருக்கிற ஓர் அளவு. அந்த அளவில் நாம் எல்லாம் இரண்டு சென்டிமீட்டர் ஆட்கள். (சிரிப்பு) அந்த வண்டி ஒரு சாண் ஒரு கட்டை நீளம், உள்ளங்கைகள் இரண்டைச் சேர்த்து வைத்தால் அடங்கிவிடும். இன்று ஒரு சின்னப் பையன், "அப்பா, விசிறி வைச்ச ரயில் எப்படிப்பா போச்சு?" என்று கேட்டால், அவனை அழைத்துக்கொண்டு போய்க் காட்ட உலகத்தில் எந்த ஸ்டேஷனிலும் அந்த வண்டி நிற்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டு மேசையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, நண்பரே. மூக்கு நுனியில் கண்ணாடி போட்டவர் வீட்டு மேசையில்.

மணி அடித்துவிட்டது. (நீண்ட கைதட்டல்)